ஓவியத் திறமை ரத்தத்தில் வருவதா?

கேள்வி: என் மாமனார் போர்டு எழுதும் ஓவியர். எட்டாவது படிக்கும் மகன் அவரைப் போலவே எந்நேரமும் வரைகிறான். மூத்த மகளுக்கு அதில் நாட்டமே இல்லை. இது பரம்பரையா? படிப்பு கெடும் என்று கணவர் கண்டிக்கிறார், நான் விட்டுவிடுகிறேன். யார் செய்வது சரி?

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. ஆனால் ஓவியத்துக்கென்று தனி ஜீன் கிடையாது. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளோடு தொடர்புள்ள சில ஜீன்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஜீன் டெஸ்ட் எடுத்துத் திறமையைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் பணத்தை வீணாக்காதீர்கள். இன்னொன்று, தாத்தா ஜீனை மட்டுமா கொடுத்தார்? வீட்டில் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் கிடந்ததே! ஒரு தனிப் பிள்ளையிடம் இரண்டையும் பிரித்து எடை போட முடியாது.

வளர்ப்புக்கு வருவோம். டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் பெற்றோரை வகைப்படுத்தினார். கண்டிக்கும் உங்கள் கணவர் ஒரு வகை, விட்டுவிடும் நீங்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையில் பாசமும் இருக்கும், விதியும் இருக்கும், அந்த விதிக்குக் காரணமும் சொல்லப்படும். நான் சொல்வது அதைத்தான். வீட்டுப்பாட நேரத்தை மகனோடு பேசி முடிவு செய்யுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு வரைவது அவன் பாடு. "குதிரைக்குக் கால் இப்படியா இருக்கும்?" என்று திருத்தப் போகாதீர்கள், அவனாகக் கேட்டால் சொல்லலாம்.

அப்புறம், "படம் வரைந்தால் பரிசு" என்று ஆசை காட்டாதீர்கள். 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. அதனால் மகன் போட்டிக்குப் போக விரும்பினால் போகட்டும், நீங்களாகத் தள்ள வேண்டாம்.

மகளைப் பற்றி: உடன்பிறந்தவர்களுக்குள் ஜீன் ஒற்றுமை சராசரியாகப் பாதிதான். தம்பி மாதிரி இல்லாததில் வியப்பில்லை. படைப்பாற்றல் என்றால் ஓவியம் மட்டுமா? கணக்கைப் புது வழியில் போடுவதும், பழைய துணியில் பை தைப்பதும் அதுதான். "உனக்கு அதெல்லாம் வராது" என்று மட்டும் அவள் காதுபடச் சொல்லாதீர்கள்.