ஒன்ராறியோத் தூண்டிலோடு வன்னிக் குளத்துக்கு வரலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிறேன். ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை ட்ரவுட் பருவம் தொடங்கியதும் பக்கத்து ஓடையில் தூண்டிலோடு ஒரு நாள் ஆறுதலாக உட்கார்ந்திருப்பது என் வழக்கம். இம்முறை தைப்பொங்கலுக்குக் கிளிநொச்சி வருகிறேன். அங்கே ட்ரவுட் கிடைக்குமா? இல்லாவிட்டால் எந்த மீனுக்கு, எப்போது, எந்தக் குளத்துக்குப் போகலாம்?

பதில்: ட்ரவுட் வன்னியில் கிடையாது. தண்ணீர் 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே திணறத் தொடங்கும் மீன் அது. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்குக் கொண்டுவந்தபோதும் நுவரெலியாப் பக்கத்துக் குளிரோடைகளில்தான் விட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்கும் ஆறுதலான நாள் வன்னியில் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் மெல்லிய தடியையும் சின்ன ரீலையும் கொண்டுவாருங்கள். 1952இல் இந்த நாட்டுக்கு வந்து, இன்று குளமெங்கும் நிறைந்திருக்கும் திலாப்பியாவுக்கு அவை அச்சொட்டாகப் பொருந்தும்.

இங்கே பருவம் தொடங்குவதற்குத் தேதி இல்லை. குளத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மாரி மழையில் குளம் நிரம்பி வான் பாயும் (மிஞ்சிய நீர் வழிந்தோடும்) நாட்களில் தண்ணீர் கலங்கியிருக்கும், மீனும் வெள்ளம் ஏறிய புல்வெளிவரை சிதறிக் கிடக்கும். வான் பாய்வது நின்று, கலங்கல் தெளிந்து, நீர்மட்டம் சற்று இறங்கட்டும். அதனால் பொங்கல் முடிந்த மறுநாளே ஓடாமல் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துப் போங்கள். வான் பாயும் இடத்தில் ஆட்கள் வலை வீசுவதைக் கண்டு ஆசைப்பட்டு இறங்கவே கூடாது. அந்த இழுப்பில் கால் தவறினால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம்.

முதல் நாளுக்கு இரணைமடு வேண்டாம் என்பேன். அது பெரிய நீர்ப்பரப்பு. வாடைக்காற்று எழும்பினால் மிதவையைப் பார்ப்பதே பாடாகிவிடும். கனகாம்பிகைக் குளமோ அக்கராயன் குளமோ போதும். விடிந்து வெளிச்சம் வந்தபின் புறப்படுங்கள், ஏனென்றால் காட்டோரப் பாதைகளில் இருட்டோடு யானை நிற்கலாம். கரைக்குப் போனதும் உடனே தூண்டிலைப் போடாமல், ஆழமில்லாத ஓரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தெளிந்த தண்ணீருக்கடியில், சேற்றில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டக் குழிகள் தெரியும். ஆண் திலாப்பியா வாயாலும் வாலாலும் பறித்த கூடுகள் அவை. குழிக்கு மேலேயே போடாமல், அதைத் தாண்டி ஆழம் தொடங்கும் இடத்தில் போடுங்கள்.

திலாப்பியாவுக்கு வாய் சிறியது. ஆகவே சின்னத் தூண்டில் முள், மெல்லிய தங்கூசி (நைலான் நரம்பு), ஒரு பொட்டு ஈயம், இலேசான மிதவை. இரைக்கு மண்புழுவைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காவிட்டால் பாணைப் பிசைந்து உருட்டலாம். ட்ரவுட் பிடித்துப் பழகிய கை இங்கே அவசரப்படும். திலாப்பியா ஒரேயடியாக இழுக்காது. மிதவை இரண்டு தரம் நடுங்கும், பிறகு மெல்லச் சரிந்து பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வில்தான் தடியைத் தூக்க வேண்டும். நடுக்கத்திலேயே சுண்டினால் வெறும் முள்தான் வரும். தங்கூசிக்குத் தடை என்று கேள்விப்பட்டுத் தயங்க வேண்டாம், அந்தத் தடை தங்கூசி வலைக்குத்தான்.

விரால் ஆசை வரும். தாமரைக் கொடியோரத்தில் அது மூச்செடுக்க மேலே வருவதைக் காண்பீர்கள். ஆனால் சிவந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று மேற்பரப்பில் சலசலத்தால், கீழே தாய் தகப்பன் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது அவை எதையும் கவ்வும், பிடிப்பது மிகச் சுலபம். தயவுசெய்து பிடிக்காதீர்கள். காவல் போனால் முழுக் கூட்டமும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

குளத்தில் மீன்குஞ்சு விட்டு, வலை போட்டுப் பிழைப்பவர்கள் நன்னீர் மீனவர் சங்கத்தார். வள்ளம் கட்டும் துறைக்குப் போய் அவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருவதே மரியாதை. எந்தப் பக்கம் முதலை கிடக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எப்படியானாலும் தண்ணீருக்குள் இறங்கி நிற்காதீர்கள். பிடித்த மீனைக் கோத்துக் காலடியில் தண்ணீரில் விடுவதும், அங்கேயே வெட்டிக் கழுவுவதும் கூடாது. ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் போகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

நச்சு முள்ளுள்ள சுங்கான் மீன் மாட்டினால் கையால் பிடிக்காமல் தங்கூசியை வெட்டிவிடுங்கள். அதன் முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சுடுநீரில் அரை மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தால் வலி தணியும். பிறகு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கடைசியாக எலிக்காய்ச்சல் (leptospirosis), எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலுமிருந்து காயம் வழியாகத் தொற்றும் நோய். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தது. காலிலோ கையிலோ காயம் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு போங்கள், சேற்றில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். கனடா திரும்பியபின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வன்னியில் குளத்தங்கரையில் இருந்ததை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அங்குள்ளவருக்கு அந்தச் சந்தேகம் எளிதில் வராது.