வாஷிங்டனின் லண்டன் பாக்கி: பழைய வியாபாரக் கடிதங்களில் கடனை எப்படிப் படிப்பது?

கேள்வி: முதுகலை வரலாறு ஆய்வேட்டுக்காக 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாப் பண்ணையார்களின் கடிதங்களைப் படிக்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் 1764இல் லண்டன் ராபர்ட் கேரி நிறுவனத்துக்கு 1,800 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார். அவர் நொடித்துப்போனார் என்று எழுதலாமா? முகம்கூடப் பார்க்காதவருக்கு எப்படி இவ்வளவு கடன் கொடுத்தார்கள்?

பதில்: நொடித்துப்போனார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெரிய பாக்கி என்றால் அவ்வளவு தூரம் நம்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் அர்த்தம். வாஷிங்டன் புகையிலையைக் கப்பலேற்றுவார், கேரி அதை விற்றுக் கமிஷனைக் கழித்துக்கொண்டு, அவர் கேட்ட துணிமணி, கருவி, வீட்டுச் சாமான் எல்லாம் வாங்கி அனுப்புவார். புகையிலை என்ன விலைக்குப் போகும் என்று தெரியுமுன்பே சாமான் பட்டியலை அனுப்பியாக வேண்டும், அதனால் பற்று எப்போதும் வரவை முந்தியே நிற்கும். கேரிக்கும் இதில் லாபம்தான்: நம்மூர் கமிஷன் மண்டிக்காரர் முன்பணம் கொடுத்து விளைச்சலைத் தன் மண்டிக்கே வரவைப்பதைப் போல, கடன் இருக்கும்வரை புகையிலை வேறு கைக்கு எளிதில் போகாது.

முகம் பார்க்காதவர் என்பது சரி, ஆனால் முன்பின் தெரியாதவர் இல்லை. கேரியின் கணக்கு வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸ் காலத்திலிருந்தே இருந்தது. 1759 மே மாதம் வாஷிங்டன் கேரிக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். பாதிரியார் கொடுத்த திருமணச் சான்றிதழை உள்ளே வைத்து, இனி கஸ்டிஸ் சொத்து சம்பந்தமான கடிதங்களை எனக்கே அனுப்புங்கள் என்கிறார். கடன் வாங்கும் தகுதி கல்யாணத்தோடு கைமாறியதை அந்த ஒரு கடிதத்திலேயே பார்க்கலாம்.

அப்புறம் மாற்றுச் சீட்டு, நம்மூர் வியாபாரிகள் உண்டியல் (ஹுண்டி) என்பார்களே, கிட்டத்தட்ட அது: பணம் கொடுக்கச் சொல்லி லண்டன் வியாபாரிக்கு எழுதும் சீட்டு. "பார்த்த 60 நாளில் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்று எழுதி, ஒரே சீட்டை மூன்று பிரதியாக வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள், ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்று. லண்டன்காரர் ஏற்க மறுத்தால் நோட்டரி அதைப் பதிவு செய்வார், சீட்டு திரும்பி வரும். பின்புறம் கையெழுத்திட்ட அத்தனை பேர் தலையிலும் பொறுப்பு விழும், பென்சில்வேனியாவில் அதற்கு மேல் 20 சதவீத நஷ்ட ஈடு வேறு.

திரும்பிய சீட்டைப் பற்றி ஒரு கடிதத்தில் வந்தால், அதை எழுதிக் கொடுத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். 1764 ஆகஸ்டில் கேரிக்கு எழுதும்போது வாஷிங்டன் சொல்லும் காரணங்களில் தொடர்ந்து மூன்று வருடம் விளைச்சல் சரியில்லாததும் உண்டு, தனக்கு வரவேண்டிய பணத்துக்கு மற்றவர்கள் கொடுத்த சீட்டுகள் திரும்பி வந்ததும் உண்டு. அதாவது, அவரை மாட்டிவிட்டதில் அடுத்தவரின் நாணயக்கேட்டுக்கும் பங்குண்டு.

தேதியையும் விடாதீர்கள். 1772 ஜூனில் லண்டன் வங்கியாளர் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ் பிரான்சுக்கு ஓடிப்போக, வங்கிகள் வரிசையாகச் சரிந்தன. அதற்கப்புறம் அமெரிக்காவுக்குக் கறாராக ஒரு வசூல் கடிதம் போயிருந்தால், பெரும்பாலும் அது அனுப்பியவரின் கழுத்தில் இருந்த கத்தியைத்தான் காட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஈடு. 1732இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட சட்டப்படி, அமெரிக்கக் குடியேற்றங்களில் கடனுக்காக நிலத்தை மட்டுமல்ல, அடிமைகளையும் கைப்பற்றி விற்கலாம். முகம் பார்க்காத நம்பிக்கைக்கு அடியில் இருந்தது இதுதான், இதை விட்டுவிட்டு நாணயம், கௌரவம் என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

இன்னொரு வர்ஜீனியாப் பண்ணையாரான தாமஸ் ஜெஃபர்சனின் கதையையும் சேர்த்துப் பாருங்கள். மாமனார் ஜான் வேல்ஸ் 1773இல் இறந்தபோது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃபேரெல் அண்ட் ஜோன்ஸ் நிறுவனத்துக்குப் பெரும் கடன் இருந்தது, சொத்தோடு அதில் ஒரு பங்கும் மருமகன் தலையில் வந்தது. அடைப்பதற்காக நிலத்தை விற்றார். வாங்கியவர்களோ அமெரிக்க சுதந்திரப் போர்க்காலத்தில் மதிப்பிழந்த காகிதப் பணத்தில் கொடுத்தார்கள், பிரிஸ்டல் நிறுவனம் அதை ஏற்கவில்லை. 1783 சமாதான ஒப்பந்தமும் பழைய கடன்களை முழு ஸ்டெர்லிங் மதிப்பில் வசூலிக்கத் தடை கூடாது என்றது. பிற்பாடு ஜெஃபர்சன் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களையும் விற்றார்.

அதனால் கடிதங்களோடு நிறுத்தாமல், உயில்களையும் கோர்ட்டில் பதிவான சொத்துப் பட்டியல்களையும் பாருங்கள். அடிமைகளின் பெயரும் அவர்களுக்குப் போட்ட விலையும் பல பட்டியல்களில் இருக்கும். கடன் தொகையை எழுதும் பக்கத்திலேயே அந்தப் பெயர்களையும் எழுதுங்கள்.