நாயே கூடாதென்கிறார் ஓனர், நான் என்ன செய்வது?

கேள்வி: ஆலந்தூரில் வாடகை வீடு. நாய், பூனை கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார் ஓனர். என் கணவருக்கு வீசிங் வேறு. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் குட்டிகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. "வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம்" என்று கிண்டல் செய்கிறாள் தங்கை. எனக்கு வேறு வழியே கிடையாதா அக்கா?
- ஒரு வாசகி, ஆலந்தூர்

பதில்: தங்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏதாவது ஒரு காப்பகத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். கிண்டல் நின்றுவிடும். நான் ஞாயிறுகளில் போகும் இடத்தில் காலை வேலை கூண்டு கழுவுவதில் ஆரம்பிக்கும். கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்ததும் பேப்பர் விரித்து, பெரிய அண்டாவில் சோறு வடித்து, அப்புறம் எந்த நாய்க்கு எந்த மாத்திரை என்று சீட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நாய்களைக் கொஞ்ச எத்தனையோ பேர் வருகிறார்கள். அண்டா கழுவத்தான் ஆள் கிடைப்பதில்லை. மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு வந்தாலும் போதும், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். பிறந்தநாளுக்குக் கூட்டமாக வந்து, நாய்க்கு ஆகாத சாக்லேட் கேக்கை அங்கேயே வெட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

காப்பகத்துக்குப் போய்விட்டு அப்படியே வீட்டுக்குள் நுழைந்தால் கணவருக்கு ஆகாது என்றால், வெளிவேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பேப்பரை எடைக்குப் போடாமல் சேர்த்துக் கொடுங்கள். குட்டிகள் வார்டில் ஒரு கட்டு பேப்பர் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. (இந்தப் பத்திரிகையின் வழவழத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.) பருத்திப் போர்வை, துண்டு எல்லாம் நல்லது. பஞ்சு அடைத்த மெத்தையும் தலையணையும் வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடும். பலரும் ஃபினாயில் வாங்கித் தருகிறார்கள். அது பூனைகளுக்கு விஷம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸும் எல்லா ஃபினாயிலுக்கும் அடங்கிவிடாது, குளோரின் கலந்த பிளீச் வேண்டும். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு போன் செய்து "இந்த வாரம் என்ன தீர்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கையுறை, காஸ் துணி, பெட்டடின், சிரிஞ்ச் என்று நீங்கள் நினைத்தே பார்க்காததைச் சொல்வார்கள்.

கேள்வி: தாம்பரம் பக்கம் கல்லூரியில் படிக்கிறேன். கையில் காசு இல்லை, போன் மட்டும் இருக்கிறது. விலங்குகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா?
- மாணவர்

பதில்: அந்த போன்தான் தம்பி வேண்டும். தத்துக்குக் காத்திருக்கும் குட்டிகளின் படங்களைப் பார்த்திருப்பாய். கம்பிக்குப் பின்னால், மேலிருந்து எடுத்தது, கண் இரண்டும் பளபளவென்று பேய் மாதிரி. கறுப்புக் குட்டி என்றால் முகமே தெரியாது. நிழலான இடத்தில், காலை வெளிச்சத்தில், நீயும் தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் எடு. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் குட்டி எவ்வளவு பெரிது என்பது புரியும். கீழே உண்மையை எழுது: "பூனையைத் துரத்தும், குழந்தைகளோடு ஒத்துப்போகும், பட்டாசுக்குப் பயப்படும்." 'பாவம், அனாதை' என்று எழுதினால் இரக்கப்படுவார்கள், அழைத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

இன்னொன்று. இந்த அறிவிப்புகளில் முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் வருகின்றன. முடிச்சூர் பக்கம் தோட்டத்தோடு வீடு வைத்துக்கொண்டு, காவலுக்கும் துணைக்கும் ஒரு நாட்டு நாயைத் தேடும் பெரியவர் கண்ணில் அது படவே படாது. தமிழில் எழுதி ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போடு. இதற்குக் காசு வேண்டாம், தமிழ் போதும்.

நாயைத் தொட்டு வேலை செய்யப் போகிறாய் என்றால், அதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. முன்பே ஊசி போட்டவனும் போகத்தான் வேண்டும்.

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணம் அனுப்பத் தயார். ஆனால் போனில் வருகிற அடிபட்ட நாய்ப் படங்களை எல்லாம் நம்பலாமா?
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: எல்லாவற்றையும் நம்ப வேண்டாம் ஐயா. ஒரே நாயின் படம் மூன்று ஊர்ப் பெயரோடு, மூன்று யுபிஐ எண்ணோடு சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். எந்த கிளினிக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டு, அங்கேயே பில்லைக் கட்டிவிடுங்கள். நிஜமாகவே காப்பாற்றியவருக்கு அதில் சந்தோஷம்தான். பதிவு பெற்ற அமைப்பு என்றால் ரசீதும் வரிச் சலுகைக்கான 80ஜி சான்றும் கேளுங்கள். பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்கு வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. இது உங்களுக்குத் தெரியாததில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளிக்கு மொத்தமாகக் கொடுப்பதைவிட மாதாமாதம் சின்னத் தொகை மேல். காப்பகத்துக்குச் சம்பளச் செலவும் அரிசிச் செலவும் மாதாமாதம்தானே வருகிறது.

ஆனால் உங்களிடம் நான் கேட்க நினைப்பது பணமில்லை. சின்னக் காப்பகங்களில் கணக்கு என்பது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கும் பில்கள்தான். நாய் பிடிக்கத் தெரிந்தவருக்கு லெட்ஜர் எழுத வராது, அதனாலேயே 80ஜி வாங்காமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாதம் ஒரு மதியம் போய் அந்தக் கவரைப் பிரித்து உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெண் நாய் வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போடுகிறது. இப்போதும் ஆறு குட்டி. காப்பகத்தில் கேட்டால் இடமில்லை என்கிறார்கள். பிறகு எதற்குத்தான் இருக்கிறார்கள்?
- இல்லத்தரசி, கொளத்தூர்

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் இடமில்லை என்பதும் பொய்யில்லை. தடுப்பூசி முடியாத ஆறு குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டால், பார்வோவோ டிஸ்டெம்பரோ வந்து ஆறில் எத்தனை மிஞ்சும் என்று சொல்ல முடியாது. நீங்கள் காப்பகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த நாயைத் தெருவிலேயே வைத்து அடுத்த ஈற்றை நிறுத்துவதுதான்.

1996 வரை சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொன்று தீர்க்க முடியாது, கருத்தடை செய்து அதே இடத்தில் விடுங்கள் என்று விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964லிருந்தே சொல்லி, செய்தும் காட்டியது. மாநகராட்சி கேட்க அத்தனை வருஷம் ஆனது. இன்று மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகளே அதைத்தான் சொல்கின்றன. ஆகவே இதைத் தயங்காமல் கேட்கலாம்.

பால் கொடுக்கும் தாயை இப்போது பிடிக்கக் கூடாது. குட்டிகள் பால் மறக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை தாய்க்குச் சோறு போடுங்கள். குட்டிகளுக்குப் பசும்பால் வைக்காதீர்கள், வயிற்றால் போகும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், யார் வாசலையும் மறிக்காமல் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சண்டையும் குறையும், நாய் பிடிக்கும் வண்டி வரும்போது நாயும் கையில் கிடைக்கும். பால் மறந்ததும் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து, கருத்தடைக்கென்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அடுத்த சினைக்கு முன் இதை முடிக்க வேண்டும், ஏனென்றால் சினைக்காலமே சுமார் 63 நாள்தான். குட்டிகளுக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் அறுவை. அதற்குள் ஒன்றிரண்டுக்கு வீடு கிடைத்தால் நல்லது. (மேலே தாம்பரம் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.)

பிடிக்க வருகிற நாள் முன்பே தெரிந்தால், முந்தின இரவோடு சோற்றை நிறுத்திவிடுங்கள், மயக்க ஊசிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். தெருவில் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள், யாராவது ஒருவர் பிஸ்கட் போட்டுவிடுவார். நாயைப் படம் எடுத்து, பிடித்த தேதி, வண்டி எண், எந்த மையம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்த நாயின் காதில் 'வி' போல ஒரு வெட்டு இருக்கும். சில நாளில் திரும்பிவரும்போது அந்த வெட்டைப் பாருங்கள். நாயே திரும்பவில்லை என்றாலோ, வேறு தெருவில் இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்தாலோ, குறித்துவைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி 1913க்கு அழையுங்கள்.