மிச்ச இரண்டு பொம்மைகள் ஏன் வரவில்லை?

கேள்வி: பத்து வருடமாக ஆக்‌ஷன் பொம்மைகள் சேர்க்கிறேன். ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆறு பொம்மைகள் வரும் என்று அறிவித்து, ஆறுக்கும் வண்ணப்படம் வெளியிட்டது. நான்கு வந்தன, மிச்ச இரண்டை ரத்து செய்துவிட்டார்கள். செய்து முடித்த பொம்மையை ஏன் விற்காமல் விடுகிறார்கள்? இனி எப்போதாவது வருமா? வராத அந்த ஒன்றின் ‘ஃபேக்டரி சாம்பிள்’ தன்னிடம் இருப்பதாக ஆன்லைனில் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘செய்து முடித்த பொம்மை’ என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கையால் செய்து, கையாலேயே வண்ணம் தீட்டிய மாதிரியாகத்தான் இருக்கும். அதைக் காட்டித்தான் கடைகளிடம் ஆர்டர் கேட்பார்கள். விற்பனைக்கான பொம்மை பிறப்பது இரும்பில் மோல்டு, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் அச்சு, வெட்டிய பிறகுதான்.

உங்களிடம் இருக்கும் நான்கில் ஒன்றை எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு தட்டுப்படும். மோல்டின் இரண்டு பாதிகளும் வந்து சேர்ந்த இடம் அது. கை, கால், தலை, இடுப்பில் செருகும் துப்பாக்கி என்று ஒவ்வொன்றுக்கும் குழி வெட்ட வேண்டும். முதல் பொம்மை மெஷினிலிருந்து விழுவதற்கு முன்பே இந்தச் செலவு முழுதும் ஆகிவிடும். மோல்டுக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் பொம்மை விற்றால் ஒன்றின் தலையில் 10 ரூபாய் விழும். 5,000தான் விற்கும் என்றால் 400 ரூபாய். பிளாஸ்டிக், பெயிண்ட், அட்டை, கப்பல் கூலி, படக் கம்பெனிக்குத் தர வேண்டிய ராயல்டி எல்லாம் அதற்கு மேல்.

சரி, எத்தனை விற்கும் என்று எப்படித் தெரியும்? முதல் தொகுப்பு, பொம்மை அட்டைகளைத் தொங்கவிடும் கடைக் கொக்கியிலிருந்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். கொக்கியில் தூசி படிந்தால் கடைக்காரர் அடுத்த தொகுப்புக்கு ஆர்டர் தரமாட்டார். ‘ஆறும் வரட்டும், சேர்த்து வாங்கலாம்’ என்று காத்திருக்கும் ரசிகர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எனக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம் இது. அந்த வரிசை வர வேண்டும் என்று அதிகம் ஆசைப்பட்டவர்களில் பலர் அவர்கள்தான்.

மோல்டு வெட்ட எத்தனை காலம் ஆகும் என்பதற்கு ஸ்டார் வார்ஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. படம் 1977 மே மாதம் வந்தது. அதன் பொம்மைகளைச் செய்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைத் தர முடியவில்லை. பொம்மையே இல்லாத ஒரு அட்டை உறையில் சான்றிதழ் வைத்து விற்றார்கள். அந்தச் சான்றிதழை நிறுவனத்துக்கு அனுப்பியவர்களுக்கு 1978-ல் நான்கு பொம்மைகள் தபாலில் போய்ச் சேர்ந்தன.

இனி வருமா என்று கேட்டீர்கள். மோல்டு வெட்டியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். அதே கென்னர், ஸ்டார் வார்ஸ் கதையை ஒட்டி வந்த ‘டிராய்ட்ஸ்’ கார்ட்டூனுக்கான பொம்மைகளின் இரண்டாவது தொகுப்பைக் கைவிட்டது. அதில் வர வேண்டிய விளிக்ஸ் என்ற பாத்திரம், 1988-ல் பிரேசிலின் கிளாஸ்லைட் நிறுவனத்தின் தயாரிப்பாக வெளியானது. இன்றும் அதைத் தேடிச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். மோல்டே வெட்டவில்லை என்றால், அந்தச் செலவை யாராவது புதிதாக ஏற்க வேண்டும். ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் சில பொம்மைகளுக்கு முதலிலேயே ரசிகர்களிடம் முன்பதிவு கேட்டு, போதுமான ஆள் சேர்ந்தால்தான் செய்கிறது. 2018-ல் ஸ்டார் வார்ஸ் வில்லன் ஜப்பாவின் பாய்மரக் கப்பலுக்கு 5,000 பேர் வேண்டும் என்றார்கள், 8,810 பேர் சேர்ந்தார்கள். 2021-ல் அதே படவரிசையில் வரும் ரேங்கர் மிருகத்துக்கு 9,000 பேர் கேட்டார்கள். அத்தனை பேர் சேரவில்லை, பொம்மையும் வரவில்லை.

எல்லா ரத்துக்கும் பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மையை 1979-ல் தபால் வழியாகத் தருவதாகக் கென்னர் விளம்பரம் செய்தது. அதற்குள் வேறொரு நிறுவனத்தின் பொம்மையிலிருந்து வந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் ராக்கெட்டை அசையாமல் ஒட்டித்தான் அனுப்பியது. அது சரியான முடிவு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பாயும் ராக்கெட் மாதிரிகளில் ஒன்று 2024-ல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. இந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்துத்தான் ‘சாம்பிள்’ வியாபாரம் பெருகுகிறது. இருக்கும் ஒரு பொம்மையைச் சிலிக்கானில் அச்செடுத்து, ரெசின் என்ற இறுகும் பிளாஸ்டிக் திரவத்தை ஊற்றினால் வீட்டிலேயே ஒரு ‘சாம்பிள்’ செய்துவிடலாம். பெரிய விலை போகும் மாதிரிகளுக்குப் பின்னால் கைமாறிய வரலாறு இருக்கும். நிறுவனத்தில் வேலை பார்த்த இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்று காட்ட முடியும்.

உங்கள் விற்பனையாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: யாரிடமிருந்து வாங்கினார், அதற்கு என்ன ஆதாரம், மூட்டுகளைக் கழற்றி உட்புறத்தைப் படமெடுத்து அனுப்புவாரா. ‘சைனா ஃபேக்டரியில் தெரிந்தவர் கொடுத்தார்’ என்பது மட்டும் பதில் என்றால் விட்டுவிடுங்கள். ‘இன்னொருத்தர் கேட்கிறார், இன்றைக்கே அட்வான்ஸ் போடுங்க’ என்று அவசரப்படுத்தினாலும் அப்படித்தான்.