குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் ஏழைக் குடும்பங்களுக்கு உதவுமா, இல்லை இருக்கிற வேலையும் போகுமா?

அளவோடு உயர்த்தினால் உதவும். 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 டாலராக்கியது. பக்கத்து பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு மாநிலங்களின் துரித உணவகங்களையும் ஒப்பிட்டார்கள். கூலி ஏறிய பக்கம் ஆட்குறைப்பு தெரியவில்லை. நல்ல கூலி கிடைத்தால் ஆட்கள் சட்டென்று வேலையை விட்டுப் போகமாட்டார்கள், புது ஆளைப் பழக்கும் செலவு முதலாளிக்கு மிச்சம்.

அப்புறம், ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துவிடுவதுதான் பெரிய கொடுமை. அமெரிக்க மத்திய அரசு நாடு முழுக்க நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலி 2009இல் மணிக்கு 7.25 டாலர் ஆனது. பத்து வருடங்களுக்கு மேலாகியும் ஏறவில்லை. வாடகையும் மளிகையும் ஏறிக்கொண்டே போக, முழுநேரம் உழைப்பவர் கடன் வாங்குகிறார். கூலியைச் சட்டத்திலேயே விலைவாசியோடு இணைத்துவிட வேண்டும்.