டவுடிங்கை வீட்டுக்கு அனுப்பியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டன் வான்போர் பற்றிய கட்டுரையில் ஹியூ டவுடிங்குக்கு ஒரே ஒரு பத்திதான் கொடுத்திருக்கிறீர்கள். 1940இல் ஹிட்லரின் விமானப்படையைத் தடுத்து நிறுத்திய தளபதி அவர். அந்த நவம்பரிலேயே பதவியைப் பறித்துவிட்டார்கள். அவருக்குக் கீழிருந்த தளபதி லீ-மல்லரியின் கோஷ்டி செய்த சதி அது என்று எழுதியிருக்க வேண்டாமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

ஒரு பத்தி போதாதுதான். ஆனால் சதி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

டவுடிங்கின் பெரிய வேலையெல்லாம் போருக்கு முன்பே முடிந்துவிட்டது. 1935இல் ரேடாருக்குப் பணம் கேட்டபோது, முதலில் செய்து காட்டுங்கள் என்றவர் அவர். பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரி அருகே செய்து காட்டினார்கள், பணம் வந்தது. 1936இல் போர்விமானப் பிரிவின் தலைமை கைக்கு வந்ததும் ரேடார் நிலையங்கள், கண்காணிப்புத் தொண்டர்கள், விமானத் தளங்கள் எல்லாவற்றையும் தொலைபேசிக் கம்பியால் ஒரே அமைப்பாக இணைத்தார்.

அதன் கட்டுப்பாட்டு அறையில் பெரிய வரைபட மேஜை. காதில் தொலைபேசி மாட்டிய பெண்கள் நீண்ட கோலால் அடையாளக் கட்டைகளைத் தள்ளுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம். தகவல் வரும்போது முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நிற அம்புக்குறி மேஜைக்கு வரும். தகவல் எவ்வளவு பழையது என்று மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எதிரியைத் தேடி வானத்தில் சும்மா சுற்றிப் பெட்ரோலை எரிக்கும் வேலை இல்லை. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைவிட எனக்கு இந்தக் கடிகாரம்தான் பிடிக்கும்.

பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தபோது, 1940 மே 16 அன்று விமான அமைச்சகத்துக்கு அவர் எழுதிய கடிதம் இன்னொரு சாதனை. நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன் (போர்விமான அணி) வேண்டும் என்பது உங்கள் கணக்கு, இப்போது மிச்சம் 36க்குச் சமம், இதற்கு மேல் பிரான்ஸுக்கு அனுப்பினால் நாமும் தோற்போம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்.

சரி, பதவிக்கு வருவோம். செப்டம்பருக்குப் பிறகு ஜெர்மானியர் இரவுக் குண்டுவீச்சுக்கு மாறினார்கள். விமானத்திலேயே ரேடார் பொருத்துவதுதான் வழி என்றார் டவுடிங். சொன்னது சரி, ஆனால் அதுவரை லண்டன் எரிவதை யார் பொறுப்பார்கள்? அப்புறம் அவருக்குக் கீழிருந்த இரு தளபதிகளின் சண்டை. தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த கீத் பார்க் சிறு அணிகளை உடனடியாக அனுப்பினார். லீ-மல்லரி பல ஸ்குவாட்ரன்களைத் திரட்டிப் பெரிய அணியாக அடிக்க வேண்டும் என்றார். இருவருக்கும் மேலதிகாரி டவுடிங்தான். கூப்பிட்டுப் பேசி முடித்திருக்க வேண்டியவர், வளர விட்டுவிட்டார். வயது 58, ஓய்வுத் தேதியும் பலமுறை தள்ளிப்போயிருந்தது.

அவரை மாற்றியதில் தவறில்லை, மாற்றிய விதம்தான் அசிங்கம். 1941இல் விமான அமைச்சகம் அந்தப் போரைப் பற்றி வெளியிட்ட சிறு நூலில் அவர் பெயரே இல்லை. சர்ச்சிலே எரிச்சலடைந்தார்.

உங்கள் கோபத்தைக் கீத் பார்க்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடப் போரைக் களத்தில் நடத்திய அவரை அந்த டிசம்பரிலேயே பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் லீ-மல்லரியை உட்கார வைத்தார்கள்.