ஐம்பது புத்தகம், நானூற்றொரு பாட்டு (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். போன ஜனவரியில் எனக்கு நானே மூன்று சவால்கள் வைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஐம்பது புத்தகம், தினம் ஒரு குறுந்தொகைப் பாட்டு, டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை முழுசாக முடிப்பது. ஐம்பதை எட்டிவிட்டேன். ஆனால் நவம்பர், டிசம்பரில் ஒல்லியான புத்தகங்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்துத்தான் எட்டினேன். குறுந்தொகை நூறைத் தாண்டியதும் நின்றுபோனது. நாவலில் யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடாமல் மூடி வைத்துவிட்டேன். “பரீட்சைக்கா படிக்கிற?” என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வருஷம் சவாலே இல்லாமல், தோன்றியதைப் படித்தால் போதுமா?

வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது என்றுதான் சொல்வேன். தோன்றியதைப் படிப்பதில் சந்தோஷம் உண்டு, அதை விடவேண்டாம். ஆனால் நமக்குத் தோன்றுவதெல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே பழகிய பக்கமாகவே இருக்கும். வேலை முடிந்து களைத்து வரும் ராத்திரியில் யாருக்கும் குறுந்தொகை படிக்கத் தோன்றாது. நீங்கள் நூறு பாட்டுக்கு மேல் படித்திருக்கிறீர்கள் என்றால் அது அந்தச் சவால் செய்த வேலை. நின்றுபோனதைச் சொல்கிறீர்களே தவிர, படித்த நூறைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

ஐம்பது என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கில் நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்பும் ஒன்று, டால்ஸ்டாயும் ஒன்று. அப்படி எண்ணினால் வருஷக் கடைசியில் யாருடைய கையும் ஒல்லியான புத்தகத்துக்குத்தான் போகும். அது உங்கள் குறையே இல்லை, அந்தச் சவாலின் விதி அப்படி. படிக்கும் பழக்கமே விட்டுப்போனவர்களுக்கு எண்ணிக்கை உதவும், கை மறுபடி புத்தகத்துக்குப் போக ஒரு சாக்கு வேண்டுமே. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

சவால் என்பது ஏதோ புதுப்பழக்கம் என்று வீட்டில் நினைக்கிறார்கள் போல. குறுந்தொகையையே பாருங்கள். நாலடி முதல் எட்டடி வரை உள்ள பாட்டு இதில், ஒன்பது முதல் பன்னிரண்டு அடி நற்றிணையில், பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூற்றில், ஒவ்வொன்றிலும் நானூறு என்று எல்லை வைத்துத்தான் நம்மவர்கள் தொகுத்திருக்கிறார்கள். அந்த எல்லை இருந்ததால்தான் இத்தனை பாட்டும் ஒரு ஒழுங்கில் நம் கைக்கு வந்தது. அதோடு, எல்லை வைத்த தொகையிலேயே அது கொஞ்சம் தளர்ந்தும் இருக்கிறது. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து போக இன்று இருப்பவை 401 பாட்டு. அதில் 307ஆம் பாட்டும் 391ஆம் பாட்டும் ஒன்பது அடி. அதற்காக யாரும் அவற்றைத் தூக்கி எறியவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தினம் ஒன்று என்று ஒருநாள் விடாமல் படித்திருந்தாலும் வருஷ முடிவில் 36 பாட்டு மிஞ்சியிருக்கும். எனவே டிசம்பர் 31 என்ற கெடுவை மறந்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு பாட்டு போதும்.

நூறைத் தாண்டினீர்கள் என்றால் நூறாம் பாட்டைப் படித்திருப்பீர்கள். கபிலர் பாடியது. தினக்கணக்கில் படிக்கும்போது அது கண்ணில் நிற்காமல் போயிருக்கலாம், மறுபடி எடுத்துப் பாருங்கள். அது நம் பக்கத்துப் பாட்டு. அருவி பரந்து பாயும் இடத்தில் ஐவனம் என்ற மலைநெல்லை விதைக்கிறார்கள். நடுவே முளைத்த மலைமல்லிகையையும் மரல் செடியையும் களையாகப் பிடுங்குகிறார்கள். ஊருக்குக் காந்தள்தான் வேலி. பசி வந்தால் யானைக் கொம்பை விற்றுச் சாப்பிடுகிறார்கள், ‘கோடு நொடுத்து உண்ணும்’ என்கிறார் கபிலர். அதற்கப்புறம்தான் வல்வில் ஓரி என்ற தலைவனின் கொல்லிமலையும், அதன் மேற்குப் பக்கத்துப் பாவை என்ற பெண்சிலையும், அந்தப் பாவை போன்றவளின் தோளும் வருகின்றன. மொத்தம் ஏழே அடி. காதலியைப் பற்றிச் சொல்ல வந்தவன் முதல் நாலு அடியையும் விதைப்புக்கும் களையெடுப்புக்கும் பசிக்கும் கொடுத்துவிடுகிறான். யானைக் கொம்பு கையில் இருக்கிற ஊரில் பசியும் இருக்கிறது என்பதை எந்தப் புலம்பலும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறான். கொல்லிமலை 1997 வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. இந்த ஒரு பாட்டோடு ஒரு வாரம் இருந்தால்கூட அது வீண் இல்லை.

நாவலுக்கு வருவோம். அதில் 361 அத்தியாயங்கள். தினம் ஒன்று என்றால் வருஷம் முடிய நாலு நாள் இருக்கும்போதே முடிந்துவிடும், உலகம் முழுக்கப் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். தினக்கணக்கு குறுந்தொகைக்குப் பொருந்துவதைவிட இதற்கு நன்றாகப் பொருந்தும். உறவு பிடிபடவில்லை என்கிறீர்கள். 1805இல் ஒரு விருந்தில் கதை தொடங்குகிறது, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், யாருக்கும் அங்கே தலை சுற்றும். ரஷ்யப் பெயர் வழக்கம் தெரிந்துவிட்டால் பாதி சிக்கல் தீரும். சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர், அப்புறம் செல்லப் பெயர். நட்டாஷா, நதாலியா இலியினிச்னா, ரஸ்தோவா எல்லாம் ஒரே பெண். அவள் அப்பா இலியா என்பதால் இலியினிச்னா. ஒரு அட்டையில் பெசுகோவ், பல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின், துருபெத்ஸ்கோய் என்று ஐந்து குடும்பத்தையும் எழுதி, புது ஆள் வரவர அந்தந்தக் குடும்பத்துக்குக் கீழே சேர்த்துக்கொண்டே போங்கள். அதையே புத்தகத்துக்குள் அடையாள அட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கைக்குப் பதில் என்ன வைப்பது என்று கேட்பீர்கள். நான் போன வருஷம் வைத்துக்கொண்டது, நம் மாவட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிப்பது. லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெஜட்டியர் என்ற மாவட்ட விவரநூல் இரண்டும் அதில் முக்கியமானவை. நிர்வாகத்துக்காக எழுதியவை, வரிக் கணக்கும் நிலக் கணக்கும் நிறைய வரும், பல பக்கம் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எல்லாமே வேறு மாதிரி இருக்கிறது. அடிவாரத்துக்கு முன்னால் செட்டிச்சாவடிப் பக்கம் வெட்டிக் குவித்திருக்கும் வெள்ளைக்கல் (மாக்னசைட்), இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தால் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, அந்த மரத்திலேயே ஏறியிருக்கும் மிளகுக் கொடி. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவருவதற்கு முன் இந்தச் சரிவு எப்படி இருந்திருக்கும், சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் அங்கே என்ன விதைத்திருப்பார்கள் என்று கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. எந்த எண்ணிக்கையும் என்னை அந்தப் புத்தகங்களிடம் கொண்டுபோயிருக்காது.

நீங்களும் அப்படி ஒரு எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் எடுத்தது மட்டும் என்று ஆறு மாதம் வைத்தாலும் நல்லது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டுகிறோம், மாவட்ட மைய நூலகம் நம் எல்லோருடையது. உ.வே. சாமிநாதையர் 1937இல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு இருக்கிறதா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். பதவுரையும் விளக்கமும் சேர்ந்தே இருப்பதால் தனியாகப் படிப்பவர்களுக்கு அதைப்போலத் துணை வேறு இல்லை. எந்தப் பாட்டில் சிக்கினாலும் எழுதுங்கள், சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்.